அவசரப்படக் கூடாத இடங்கள்

அன்புள்ள கண்ணுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குத் தொலைபேசியில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வாசலில் அத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது, படிப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்க முடியாது, அப்படியானால் எதைக் குறைத்துக்கொள்வது என்று கேட்டாய். அரசு மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாகச் சேரும் எவருக்கும் முதல் ஆண்டிலேயே வருகிற கேள்வி இது. எனக்குத் தோன்றிய வரையில் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு எடுக்கும் ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று குறிக்கும் வரைபடம், கை பழகப் பழகத் தானாகவே வேகம் பிடித்துவிடும். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். காதுக்குள் பார்க்காமல் ஹெட்போனை மாட்டாதே. குறும்பி அடைத்திருந்தால் இ.என்.டி. ஓ.பி.க்கு அனுப்பி, சுத்தம் செய்த பிறகு வரச் சொல். ஒரு காது நன்றாகவும் மற்றது மோசமாகவும் இருக்கிறவருக்கு மட்டும் மாஸ்கிங்கை, அதாவது நல்ல காதில் இரைச்சல் கொடுத்து அதை மறைத்து வைப்பதை, எந்த அவசரத்திலும் விட்டுவிடாதே. இரண்டு காதுக்கும் இடையில் 40 டெசிபல் வித்தியாசம் வந்தாலே, ஹெட்போன் சத்தம் மண்டையோட்டின் வழியாக எதிர்ப்பக்கம் போய்விடக்கூடும். கேட்காத காதுக்குப் பதிலாக நல்ல காது பதில் சொல்லிக்கொண்டிருக்கும், நீயும் அதை நம்பித் தாளில் குறித்துவிடுவாய்.

குழந்தைகள் விஷயம் வேறு. பிறந்து 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் நோய் உறுதி, 6 மாதத்துக்குள் காது மெஷின் என்று நாம் படித்த கணக்கு நம் ஊர்களில் எத்தனை குழந்தைகளுக்கு நடக்கிறது என்று இதற்குள் நீயே பார்த்திருப்பாய். இரண்டரை வயதில், மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லியிருப்பார். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்திருப்பார்கள். நேர்ந்துகொண்டு முடி இறக்கியிருப்பார்கள். இதற்கெல்லாம் அவர்களைக் கடிந்துகொள்ளாதே. குழந்தையின் மேல் அக்கறை இல்லாததால் அவர்கள் தாமதித்தார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்கள் கையில் இருந்த வழிகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நம் அறைக்கு வந்து சேர்கிறார்கள்.

ஒலி கொடுத்து, கேட்கும் நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளைப் பதிவு செய்யும் பெரா சோதனைக்கு நாள் கொடுக்கும்போது அந்தக் குடும்பம் வரும் பஸ்ஸையும் கேட்டுக்கொள். குழந்தை தூங்கினால்தான் சோதனை நடக்கும் என்பதால் முதல் நாள் இரவு விழிக்க வைத்துக் கூட்டி வரச் சொல்கிறோம்; அந்தத் தாயும் தூங்காமல் விளையாட்டுக் காட்டி, விடியற்காலையில் பஸ் ஏறுகிறாள்; பஸ்ஸின் ஆட்டத்தில் குழந்தை நன்றாகத் தூங்கி, நம் வாசலில் இறங்கும்போது குளித்து எழுந்ததுபோல் முழித்துக்கொண்டு நிற்கும். மருத்துவர் தூக்க மருந்து எழுதித் தந்தாலும் சில பிள்ளைகள் மசிவதில்லை. அந்த நேரத்தில் "இன்னொரு நாள் வாங்க" என்ற வார்த்தை மிகச் சுலபமாக வாயில் வரும். அவர்களுக்கு அது இன்னொரு நாள் கூலி இழப்பு, பலருக்கு அதுவே கடைசி வருகையும் ஆகிவிடும். விளக்கை அணைத்து, தாயைப் பால் கொடுக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் காத்திருந்து பார். அந்த இடைவேளையில் பெரியவர்களை அடுத்த அறையில் பார்த்துக்கொள்ளலாம்.

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. என்ற விரைவுச் சோதனையை மட்டும் எடுத்து 'பாஸ்' என்று எழுதி அனுப்பிவிடாதே. ஓ.ஏ.இ. சொல்வதெல்லாம் உள்காதில் நத்தைக்கூடு போலிருக்கும் காக்ளியாவின் வெளி மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றனவா என்பதை மட்டுமே. அதற்கு அப்பால் நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குச் சரியாகப் போகிறதா என்பதை அது சொல்லாது. கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கோளாறு அந்த நரம்பு வழியில் இருக்கக்கூடும். கருவி 'பாஸ்' என்று காட்டிவிட்டதால் பெற்றோர் இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டால், அந்த இழப்பை யாராலும் ஈடுகட்ட முடியாது. அந்தக் குழந்தைகளுக்குப் பெராதான் எடுக்க வேண்டும்.

இனி, எந்த நாளிலும் நீ அவசரப்படக் கூடாது என்று நான் கேட்டுக்கொள்கிற இடத்துக்கு வருகிறேன். பெரா முடிந்து, 90 டெசிபல் கொடுத்தும் அலை எழவில்லை என்பது தெரிந்த பிறகு, அந்தத் தாயிடம் அதைச் சொல்கிற நேரம் அது. வாசலில் நின்றபடி, ரிப்போர்ட்டை நீட்டியபடி, அதைச் சொல்லாதே. கதவைச் சாத்து, உட்கார வை, தகப்பனோ மாமியாரோ வந்திருந்தால் அவர்களையும் உள்ளே கூப்பிடு. "புல்லட் வண்டி போனாத் திரும்பிப் பாக்குறானே, தட்டத்தைத் தட்டினாத் திரும்புறானே" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தாழ்ந்த ஒலியில் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சமிருக்கலாம், இல்லையென்றால் தரையின் அதிர்வையோ நிழலையோ குழந்தை உணர்ந்திருக்கலாம். ஆனால் பேச்சுக்கு அது போதாது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கும்படி செய். தாயைக் குழந்தைக்குப் பின்னால் நிற்க வைத்து, தன் வழக்கமான குரலில், தொடாமல், அதன் பெயரைச் சொல்லி அழைக்கச் சொல். அப்போது அவள் முகம் மாறும். அதன் பிறகு நீ உடனே பேசத் தொடங்காதே. அவள் கேட்கும் வரை பொறு.

அவள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சொந்தத்துல கட்டினதாலயா?" என்பதாகத்தான் இருக்கும். மாமன் மகனையோ தாய்மாமனையோ கட்டியவள் நம் பக்கத்தில் ஏராளம். உண்மையை மறைக்க வேண்டாம், ஆனால் முழுதாகச் சொல்: இப்படிப் பரம்பரையாக வரும் குறைகளில் பெரும்பாலானவற்றில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தைக்குக் குறை வரும், இருவரின் பங்கும் சரிசமம். இதை மாமியாரின் காதில் விழும்படியே சொல். பழி முழுவதையும் சுமந்துகொண்டு ஊருக்குப் போகிற தாய், அடுத்த முறை பேச்சுப் பயிற்சித் தெரபிக்கு வர மாட்டாள்.

அதே நாளில் அடுத்த படியையும் எழுதிக் கொடுத்துவிடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். மூன்று வயதில் வந்த குழந்தைக்கு அது நிறையக் காலம் மிச்சமிருப்பதுபோலத் தோன்றும். ஆனால் காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, காது மெஷின் போட்டுப் பார்க்கும் மாதங்கள், ஸ்கேன், தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் நாளைத் தின்றுவிடும். அறுவை சிகிச்சை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பிவிடாமல் பார்த்துக்கொள். பேச்சு வருவது அதற்குப் பிந்தைய தெரபியிலும், வீட்டில் தாய் பேசுகிற பேச்சிலும்தான். வராமல் நின்றுவிட்ட குடும்பங்களின் எண்களை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்து, மாதம் ஒரு முறை நீயே கூப்பிடு. இதை யாரும் உன்னைச் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த வேலையில் மிகப் பெரிய பலன் தருவது அந்த நோட்டுதான் என்பது என் கருத்து.

விசைத்தறிக்காரர்கள் உன் பக்கமும் வருவார்கள். தறிச் சத்தத்தால் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்த அந்த ஆடியோகிராமை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவேன். அவர்களுக்குக் காது மெஷின் கொடுக்கும்போது பேட்டரியின் ஸ்டிக்கரை அவர்கள் கையாலேயே உரிக்க வை. காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும், உரித்து ஒரு நிமிடம் விட்டுப் போட வேண்டும், இரவில் மூடியைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை அவர்களே திருப்பிச் சொல்லும் வரை விடாதே. பீரோவுக்குள் கிடக்கும் மெஷின்களில் பல கெட்டுப்போனவை அல்ல.

ஊனச் சான்றிதழுக்கு வருகிறவர்களில் சிலர் கேட்டும் கேட்காததுபோல் இருப்பார்கள். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர், 70 இருந்தால்தான் செவித்திறன் அற்றவர். முதல் ஆடியோகிராமும் இரண்டாவதும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடு, பெராவும் எடு. பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் வருகிற ஏழையை அவமானப்படுத்த வேண்டியதில்லை. யார் சிபாரிசோடு வந்தாலும் எண்ணை மாற்ற வேண்டியதும் இல்லை. பிறவியிலிருந்தே சைகையில் பேசி வளர்ந்த பெரியவர் வந்தால், அவரிடம் உரக்கக் கத்தாதே. இந்தியச் சைகை மொழியில் நாலு வாக்கியமாவது கற்றுக்கொள், இல்லையென்றால் தாளில் எழுதிக் காட்டு.

தொகுப்பூதியத்தில் இருக்கும் உனக்கு, காது மெஷின் விற்கும் தனியார் இடங்களிலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு அழைப்பு வரும். போவதும் இருப்பதும் உன் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். இங்கே எதையும் விற்க வேண்டியதில்லை என்பதை மட்டும் யோசித்துக்கொள்.

கடைசியாக ஒன்று. உன் ஆடியோமீட்டரில் ஒட்டியிருக்கும், ஒலி அளவைச் சரிபார்த்ததற்கான காலிபரேஷன் சீட்டின் தேதியைப் பார். ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டியது அது. நாள் கடந்திருந்தால் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் கேட்டு, நகலை வைத்துக்கொள். தினமும் காலையில் ஹெட்போனை உன் காதில் மாட்டி எல்லா அதிர்வெண்ணிலும் ஒரு முறை கேள், வயரை அசைத்தும் பார். கரகரவென்று இரைந்தால் அன்றைக்கு அதை யாருக்கும் மாட்டாதே.

அன்புடன்,
அம்மா