கோடை முழுக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆகஸ்டோடு என் கோடைக்கால வேலை ஒப்பந்தம் முடிகிறது. ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில், சில்யான் ஏரிக்கரையில் உள்ள லெக்சாண்ட் என்ற சிறிய ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். செப்டம்பரிலும் தொடர்ந்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை செய்பவர்களுக்கு ஸ்வீடிஷில் ஒரு சின்னக் கடிதம் எழுதி, காபி குடிக்கும் அறையில் இருக்கிற பலகையில் ஒட்டியாயிற்று. அந்த மொழியில் எனக்குச் சொல்ல வராததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். இல்லத்தில் இருக்கிற பெரியவர்களைப் பற்றியோ வெளியில் பேசவே கூடாது, அது சட்டம். ஒரு பாட்டியைப் பற்றி மட்டும், அவரிடமும் அவர் மகளிடமும் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஸ்வீடன்காரர்களுக்குக் கோடை என்றால் என்ன என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. 1977-ஆம் ஆண்டு விடுப்புச் சட்டப்படி இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஆண்டுக்கு 25 நாள் விடுப்பு. அதில் நான்கு வாரத்தை ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்குள் சேர்ந்தாற்போல் எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆகவே ஜூலையில் அலுவலகங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் பெரியவர்களைக் குளிக்க வைத்து, சாப்பாடும் மருந்தும் கொடுக்கிற வேலைக்கு ஏது லீவு? அதற்காகவே நகராட்சிகள் கோடைக்கு மாற்று ஆள் தேடிக் குளிர்காலத்திலேயே விளம்பரம் கொடுத்துவிடுகின்றன. மொழி பாதி வந்தும் வராமலும், உள்ளூரில் வேலை பார்த்த சான்று ஒன்றுகூடக் கையில் இல்லாமலும் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு முதல் வழி பெரும்பாலும் இதுதான்.

இதை எனக்குச் சொன்னவர் எஸ்.எஃப்.ஐ. ஆசிரியை. எஸ்.எஃப்.ஐ. என்பது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இலவசமாக நடத்தும் ஸ்வீடிஷ் வகுப்பு. வாசலில் பனி குவிந்து கிடந்த பிப்ரவரியில், வகுப்பு முடிந்த பிறகும் என்னை உட்கார வைத்து, நேர்காணலில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று அவரே மேலாளராக நடித்துப் பயிற்சி கொடுத்தார். அவருக்கு என் முதல் நன்றி.

அடுத்து, என்னைப் பழக்கிய மூத்த சகப் பணியாளர். அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இங்கே மட்டும் அவரை அக்கா என்று எழுதிக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தனியாக நிற்பதற்கு முன் சில நாள் மூத்தவர்களோடு கூடவே நடந்து பழக வேண்டும். என் பங்குக்கு இவர் வாய்த்தார். கூரையில் தண்டவாளம் போட்டு மாட்டியிருக்கும் தூக்கிக் கருவியை எப்படி இயக்குவது, படுக்கையில் இருப்பவரை இடுப்பு வலி வராமல் எப்படித் திருப்புவது, ஒவ்வொருவரின் அறைக்குள் போகும் முன்னும் வந்த பின்னும் கையில் கிருமிநாசினி தேய்ப்பது, எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். இவை கையேட்டிலும் இருக்கலாம். முகம் கழுவி விடுவது எப்படி என்று அவர் காட்டியது எந்தக் கையேட்டிலும் இந்த மாதிரி இருக்காது.

முதல் நாள் காலை, துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு நான் நேராக ஒருவர் முகத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்தார். துணியை வாங்கி அந்தப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். நானும் நின்றேன். நெடுநேரம் போல இருந்தது. அந்தக் கை துணியை ஒருமுறை இறுக்கிப் பார்த்தது. பிறகு தானாகவே உயர்ந்து, நெற்றி, கண், கன்னம் என்று துடைத்தது. "அவரால் முடிந்ததை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே" என்றார் அக்கா, வெளியே வந்ததும். இன்றைக்கும் அவசரமான காலைகளில் அந்த வாக்கியம்தான் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

ஜூலையில் அவரும் தன் நான்கு வாரத்துக்குக் கிளம்பினார். போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். எனக்குப் புரிகிற எளிய ஸ்வீடிஷில், அச்சடித்த மாதிரி எழுத்தில், எந்த நேரத்தில் என்ன வேலை, எது நடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதியது அது. அக்கா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன்: ரொம்ப நன்றி.

மருந்து விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டியது எங்கள் செவிலியருக்கு. இங்கே என்னைப் போன்ற உதவியாளர் தானாக ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுத்துவிட முடியாது. செவிலியர் பாடம் சொல்லி, சோதித்துப் பார்த்து, எழுத்து மூலமாக நம் பெயருக்கு அந்தப் பொறுப்பைத் தந்தால்தான் கொடுக்கலாம். நான் ஒவ்வொரு கேள்விக்கும் சொல் தேடித் தேடிப் பதில் சொன்னேன். அவர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இனி மிட்சொமர். நடுக்கோடைத் திருவிழா. ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வருகிற வெள்ளிக்கிழமைதான் அதற்கு முந்திய மாலை. உண்மையில் கொண்டாட்டமெல்லாம் அன்றுதான். இந்த ஆண்டு ஜூன் 20. எனக்கு அன்று மாலை ஷிஃப்ட் போட்டிருந்தார்கள். அக்காவுக்குக் காலை. "நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், நீ இன்னும் பார்க்கவில்லையே" என்று சொல்லி அவரே ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். பண்டிகை மாலையை யாராவது இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா? அதுவும் டாலர்னாவில்!

காலை வேலை எனக்கு இன்னொரு விதத்திலும் நல்லதாய்ப் போயிற்று. சாப்பாட்டுக்கு முன் கூடத்தில் பூ மகுடம் கட்ட எல்லோரும் கூடினார்கள். பிர்ச் மரத்தின் இளங்கிளையை வளைத்து வட்டமாக்கி, அதன்மேல் காட்டுப் பூக்களைச் சின்னச் சின்னக் கொத்தாக வைத்து நூலால் சுற்றுவார்கள். ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்து மறைக்க வேண்டும். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பூ, ஊதா நிற மிட்சொமர் பூ, சிவப்புக் கிளோவர் என்று மேசை நிறையப் பூ. நான் சொன்ன அந்தப் பாட்டியின் விரல்கள் நடுங்கும். ஆனால் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்பது அவருக்கு அத்துப்படி. அவர் கொத்துக் கொத்தாகச் சேர்த்து நீட்ட, நான் வாங்கிக் கட்டினேன். மல்லிகை கட்டிப் பழகிய கை இல்லையா, விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வேகமாகப் போய்க்கொண்டே இருந்தேன். பாட்டி நிறுத்திவிட்டு என் விரல்களையே பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். எங்கள் அம்மாயி என்றேன். தனக்கும் தன் அம்மாவின் அம்மாதான் சொல்லிக்கொடுத்தார் என்றார். அதன் பிறகு அவர் என்னிடம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். பூக்களின் பெயரை ஸ்வீடிஷில் சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாக வரும்வரை விடமாட்டார். இந்தக் கோடையில் நான் கற்ற மொழியில் பெரும்பங்கு அவர் கொடுத்தது. பாட்டி, உங்கள் மகளிடம் இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டேன். உங்களிடம் நேரில் சொன்னால் "அடுத்த பூ" என்பீர்கள்.

மதியம் வினிகரும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சதகுப்பை இலை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், ஸ்ட்ராபெரி கேக். அந்த மீனை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். 1953-க்கு முன்னால் இந்த விழா எந்தக் கிழமை வந்தாலும் ஜூன் 23 மாலைதான் என்பதும், சின்ன வயதில் அப்படிக் கொண்டாடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

மாலையில் கணவர், மகள், அத்தை எல்லோரோடும் கம்பம் நடுவதைப் பார்க்கப் போனோம். சம்மில்ஸ்டாலென் என்ற பள்ளத்தாக்கில் பல ஆயிரம் பேர் புல்சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். லெக்சாண்டின் பாரம்பரிய உடையில் பெண்கள், வயலின் வாசிக்கிற குழு. இலையும் பூவளையமும் சுற்றிய நெடுங்கம்பத்தை, நீண்ட கழிகளால் முட்டுக் கொடுத்துக் கொடுத்து, கூட்டம் குரல் கொடுக்கக் கொடுக்க, ஆட்கள் சிறிது சிறிதாக நிமிர்த்தினார்கள். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதும் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது. கம்பம் நிமிர்ந்து நின்றதும் அத்தை தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் நகர்ந்து அவருக்குத் தங்கள் விரிப்பில் இடம் கொடுத்தது. அவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுக்கும் நன்றி. பிறகு கைகோத்து வட்டம் போட்டு ஆட்டம். தவளை போல் குதிக்கிற ஆட்டத்தில் என் மகள் யார் யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு போய்விட்டாள். டாலர்னா கிராமங்களில் நட்ட கம்பத்தை இறக்குவதில்லை, அடுத்த ஆண்டு விழா வரை அப்படியே நிற்கும். வேலைக்குச் சைக்கிளில் போகும் வழியில் ஒன்றைத் தினமும் பார்க்கிறேன்.

அத்தை இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை. பாலர் பள்ளி ஜூலையில் சில வாரம் மூடிவிடும் என்பதால், 90 நாள் விசாவில் ஈரோட்டிலிருந்து வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். இரவு பத்தரை வரை சூரியன் மறையாத ஊரில் அவருக்குத் தூக்கமே பிடிபடவில்லை. "ஏங்கண்ணு, பொழுதே சாயாம நான் எப்ப விளக்கு வைக்கிறது?" என்று கேட்டார். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்கு, வெயில் ஜன்னலில் அடிக்கும்போதே, விளக்கேற்றினார். வேலையில் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது, மோதிரம்கூடக் கூடாது என்று நான் வளையலைக் கழற்றிய அன்று, ஒரு பேச்சுச் சொல்வாரோ என்று தயங்கினேன். "வயசானவங்களத் தொடுற கை, சுத்தமா இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். மாமியார் என்ற உறவுக்கு நம்மூரில் இருக்கிற பேரை நினைத்துப் பார்க்கையில், அதை இங்கே எழுதாமல் விட மனசு வரவில்லை.

அத்தையை வீட்டுக்குள் முடங்காமல் பார்த்துக்கொண்டவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எனக்குச் சைக்கிள் கொடுத்தவரும் அவர்தான். பண்டிகை நாட்களில் பஸ் குறைந்துவிடும் என்று சொல்லி, தன் கொட்டகையிலிருந்து எடுத்து, காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். ஜூலை கடைசியில் காட்டுக்குப் புளூபெரி பறிக்க இருவரும் கிளம்பிப் போவார்கள். ஒருவருக்கு ஸ்வீடிஷ் மட்டும், ஒருவருக்குத் தமிழ் மட்டும். இந்த நாட்டில் யார் காடானாலும் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், அது எல்லோருக்கும் உள்ள உரிமை. காட்டுக்காரர் வந்து சத்தம் போடமாட்டாரா என்று அத்தை முதலில் பயந்தார். அப்புறம் பல் வைத்த பெட்டியால் செடியை வாரிப் பழம் எடுப்பதில் பெரியம்மாவையே மிஞ்சிவிட்டார். திரும்பி வந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, காது மடல் எல்லாம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள். அத்தை ஊருக்குக் கிளம்பிய அன்று பெரியம்மா கொடுத்த புளூபெரி ஜாம் இப்போது ஈரோட்டில் இருக்கிறது.

போர்லெங்கேயிலும் ஃபாலுனிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களே, உங்களை மறக்கவில்லை. விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்த தம்பி, முதல் சம்பளச் சீட்டை வரி வரியாக விளக்கி, மணிக்கூலியில் இருப்பவர்களுக்கு 12 சதவிகிதம் விடுப்பு ஊதியம் சேரும், மிட்சொமர் அன்று வேலை பார்த்ததற்குத் தனிப்படி வரும் என்று புரிய வைத்த அண்ணன், வார ஷிஃப்ட் வந்தபோது சாம்பாரும் பொரியலும் டப்பாவில் ரயிலில் கொடுத்தனுப்பிய அக்கா, எல்லோருக்கும் நன்றி. மாலை ஷிஃப்ட் முடிந்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தால் சூடாகச் சாப்பாடும் தேய்த்து வைத்த பாத்திரமுமாகக் காத்திருந்த என் கணவருக்கும்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் ஜனவரி, பிப்ரவரியில் வந்துவிடும். ஸ்வீடனுக்குப் புதிதாக வந்து, ஸ்வீடிஷ் படித்துக்கொண்டே வேலை தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் தயங்காமல் என்னிடம் கேளுங்கள். ஆசிரியை எனக்குச் செய்த மாதிரி நானும் மேலாளராக உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். அக்காவின் நோட்டுப் புத்தகத்தையும், அவர் சம்மதத்தோடு, தமிழில் விளக்கமெழுதி வைத்திருக்கிறேன். வேண்டியவர்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
லெக்சாண்டிலிருந்து ஓர் ஈரோட்டுப் பெண்
ஆகஸ்ட் 2025