சி மதிப்பை மாற்றி மாற்றி ஓட்டுவது பற்றி

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒரே ஊரின் குடிநீர்க் குழாய் அமைப்புக்கு எபானெட் (குழாய்களில் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் மென்பொருள்) கோப்புகள் வரிசையாக நிற்கின்றன, "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் சி90 சரியானது" என்று. சி என்பது குழாயின் உட்புறம் எவ்வளவு வழுவழுப்பு என்று சொல்லும் எண், அது குறைந்தால் உராய்வு கூடும். எதில் எதை மாற்றினாய் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை, இன்னும் ரெண்டு மாதம் போனால் உனக்கும் தெரியாது.

மாடல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் கண்ணு. மாறுகிற எண்கள் எல்லாம் அதற்கு வெளியே ஓர் அட்டவணையில் இருக்கட்டும், ஒரு வரிக்கு ஒரு ரன். ஸ்கிரிப்ட் அந்த அட்டவணையை வரி வரியாகப் படித்து, எண்களை மாடலில் போட்டு, ஓட்டி, விடையை அதே வரி எண்ணோடு எழுதி வைக்கும். தலைப்பு வரியும் ஒரு மாதிரி வரியும் இப்படி இருந்தால் போதும்:

ரன், சி_பழைய_குழாய், சி_புதிய_குழாய், தேவை_பெருக்கி, தொட்டி_மட்டம்_மீ
17, 90, 140, 1.3, 2.5

அலகைத் தலைப்பிலேயே எழுதிவிடு. எபானெட்டில் யூனிட்ஸ் வரி இல்லையென்றால் அது நிமிடத்துக்கு கேலன் என்றே எடுத்துக்கொள்ளும், அப்போது உன் 100 மில்லிமீட்டர் குழாய் 100 அங்குலக் குழாய் ஆகிவிடும், ஊரில் எங்கேயும் அழுத்தக் குறைவே இருக்காது!

உன் ஸ்கிரிப்டில் என்னைப் பயமுறுத்திய இடம், 100 என்று இருப்பதைத் தேடி 90 என்று மாற்றும் அந்த ஒற்றை வரி. குழாய் பகுதியில் ஒரு வரியை நிதானமாகப் படி. குழாயின் பெயர், இரண்டு முனைகள், அப்புறம் நீளம், விட்டம், சி என்ற வரிசையில் எண்கள் வரும். உன் பி12 குழாய்க்கு அந்த மூன்றும் 100, 100, 100. நீ சி-யை மட்டும் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன் ஸ்கிரிப்ட் நீளத்தையும் விட்டத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டது. விட்டம் சுருங்கினால் உராய்வு இழப்பு எவ்வளவு ஏறும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணைத் தேடி மாற்றாதே. மாறவேண்டிய இடத்தில் வேறெங்கும் வராத ஒரு குறியை வைத்து அதை மாற்று, இல்லையென்றால் டூல்கிட் (எபானெட்டை ஸ்கிரிப்டிலிருந்தே இயக்க உதவும் நிரல் தொகுப்பு) வழியாக மாடலை ஒருமுறை திறந்து, குழாயின் பெயரைச் சொல்லி மதிப்பை நினைவகத்திலேயே மாற்று. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ரன்னுக்கு ஒரு கோப்பு என்று குப்பை சேராது. பைத்தானில் விண்டர் என்ற நூலகம் இதற்கென்றே இருக்கிறது, உன் துறையில் யாராவது வைத்திருப்பார்கள், கேட்டுப் பார்.

எக்செல் சமாச்சாரம் தனி. அட்டவணையை எக்செலில் தயாரிப்பதாகச் சொன்னாய், அங்கே உன் கணினி ஜெர்மன் அமைப்பில் இருக்கும், இல்லையா? அதில் தசமத்துக்குக் காற்புள்ளி, மதிப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி. நீ 1.3 என்று தட்டினால் அது மார்ச் 1, 2.5 என்று தட்டினால் மே 2. சிரிக்காதே. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றித் தொலைத்த தொல்லை தாங்காமல்தான், பெயர் வைக்கும் குழுவே 2020-இல் சில மரபணுக்களின் பெயரை மாற்றிய விஷயத்தை வெளியிட்டது. சரி, காற்புள்ளி போட்டு 1,3 என்று எழுதினால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. நிற்காமல் காற்புள்ளி வரைக்கும் படித்து 1 என்று எடுத்துக்கொண்டு போகிற பழைய நிரல்கள்தான் ஆபத்து. அட்டவணையைச் சாதாரண எடிட்டரில் எழுது, அல்லது ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்தே உருவாக்கு.

இனி எந்த எண்களைப் போடுவது? அட்டவணையில் கசிவுக்கும் ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்தால் மாறுகிற பத்தி ஐந்து, ஒவ்வொன்றிலும் ஆறு மதிப்பு, எல்லாச் சேர்க்கையும் என்றால் 7776 ரன். கணினி ஓட்டிவிடும், நீ படிக்கவேண்டுமே. அதில் பாதி இந்த உலகத்தில் இல்லாத ஊர்கள். துருவேறிய பழைய வார்ப்பிரும்புக் குழாயும் கசிவே இல்லாத தெருவும் ஒன்றாக எங்கேயும் நான் பார்த்ததில்லை, அப்படிப்பட்ட வரிகளை நீக்கிவிடு. குழாய்களை வயது வாரியாகக் குழுவாக்கு, எபானெட்டில் டேக் போட வசதி இருக்கிறது, ஊர் முழுக்க ஒரே சி போடுவது சோம்பேறித்தனம். அப்புறம், சி-யைச் சமமான படிகளில் இறக்காதே. உராய்வு இழப்பைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் சி-க்கு 1.852 அடுக்கு இருக்கிறது. அதே ஓட்டத்துக்கு 140-லிருந்து 120-க்கு வந்தால் இழப்பு 1.33 மடங்கு ஆகும், 100-லிருந்து 80-க்கு வந்தால் 1.51 மடங்கு. கீழே போகப் போக நெருக்கமாகப் போடு. பத்திகள் இன்னும் கூடினால் லத்தீன் ஹைப்பர்கியூப் என்று 1979-இல் வந்த முறையைப் படித்துப் பார். ஒவ்வொரு பத்தியின் வீச்சையும் ரன்களின் எண்ணிக்கைக்குச் சமமான துண்டுகளாக்கி, ஒரு துண்டுக்கு ஒரு மதிப்பு மட்டும் எடுப்பார்கள், இருநூறு முன்னூறு ரன்னிலேயே நல்ல படம் கிடைத்துவிடும்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 1936-இல் வந்த ஹார்டி கிராஸ் முறையில், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையமாகத் திருத்தித் திருத்திக் கணக்குப் போடுவோம். மெதுவான வேலைதான், ஆனால் ஒரு கணுவில், அதாவது குழாய்கள் சந்திக்கும் இடத்தில், அழுத்தம் மைனஸில் போனால் பேனா அங்கேயே நின்றுவிடும். இரவெல்லாம் தானாக ஓடுகிற உன் ஸ்கிரிப்ட் நிற்காது. எபானெட் எச்சரிக்கை எண்ணைத் திருப்பித் தரும், 1 என்றால் கணக்கு சமன்படவில்லை, 6 என்றால் எங்கோ எதிர்மறை அழுத்தம். ஆனாலும் விடை என்று எண்களைக் கொடுத்துவிடும், அவை பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். இருக்கிற அழுத்தத்துக்குத் தகுந்தபடி விநியோகத்தைக் குறைக்கச் சொல்லலாம், அந்த வசதி 2.2 பதிப்பில் உண்டு, நீ அதை இயக்கவில்லை. அதனால் தண்ணீரே ஏறாத மேட்டுத் தெருவுக்கும் உன் மாடல் முழு அளவு தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை எண்ணுக்கும் முடிவு அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்கு. நின்றுபோன ரன்னின் வரியையும் நீக்காதே, ஏன் நின்றது என்பதுதான் சில நேரம் உன் ஆராய்ச்சிக்கே விஷயம்.

முதல் வரியில் எதையும் மாற்றாமல் அடிப்படை மாடலையே ஓட்டு. திரையில் கையால் ஓட்டியபோது வந்த அழுத்தங்களும் ஸ்கிரிப்ட் தரும் அழுத்தங்களும் ஒன்றாக இருக்கவேண்டும், அது பொருந்தும் வரை இரண்டாவது வரிக்குப் போகாதே.

முடிவுகளை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், அட்டவணையையும் அந்த முதல் ரன்னையும் மட்டும் அனுப்பு. மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டத்துக்கு நீ போட்டிருக்கும் எண் எனக்குச் சரியாகப் படவில்லை, பக்கத்திலிருக்கும் கணுவின் தரைமட்டமே அதைவிட மேலே இருக்கிறது. வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பார்.

அன்புடன்,
அப்பா