சிவப்பு மையில் தப்பிய 'பட்டது'

தங்கச்சிமடம்

அன்புள்ள முருகேசா,

கதையும் கடிதமும் வந்து சேர்ந்தன. இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான். ஏப்ரல் 15-இல் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 வரை கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் போய்வருகிறார்கள், மீன்பாடு சுமார்தான். மகளுக்குப் பரமக்குடிக்கு மாற்றல். என் மூட்டுவலி எங்கும் மாற்றலாகவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 'செய்யப்பட்டது' என்கிற மாதிரி வரும் செயப்பாட்டு வினையே கூடாது என்று எழுத்துப் பயிற்சி வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று, 'பட்ட' என்று கண்ணில் தெரிந்ததையெல்லாம் சிவப்பு மையால் அடித்திருக்கிறாய். 'ஆசைப்பட்டான்', 'பயப்பட்டாள்' கூடத் தப்பவில்லை! அதெல்லாம் செயப்பாட்டு வினையே இல்லை மாப்ள, விட்டுவிடு.

மிச்சத்தில் நான் பார்ப்பது, செய்தவர் யார் என்று படிக்கிறவனுக்குத் தெரியவேண்டுமா என்பதைத்தான். 'பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது' என்றால், ஏற்றியது யார் என்று எந்த மீனவனும் கேட்கப்போவதில்லை. அந்த வாக்கியத்தில் குறையே இல்லை. ஆனால் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு 'பாம்பன் பாலம் 46 நாளில் சீரமைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாயே, அது சரியில்லை. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் ஆட்கள் இராப்பகலாகப் பார்த்த வேலை அது. உன் கதாநாயகன் அங்கே கூலிக்கு நின்றவன். அவனையே வாக்கியத்திலிருந்து இறக்கிவிட்டாய்.

'அலையால் ரயில் அடித்துச் செல்லப்பட்டது' என்பதை நீ மையால் அடித்தது சரி. அலைதான் என்று தெரிந்தபிறகு 'ஆல்' எதற்கு, 'பட்டது' எதற்கு? 'அலை ரயிலை அடித்துக்கொண்டு போனது' போதும். ஆனால் இருட்டில் அந்தக் கிழவி 'தூக்கி எறியப்பட்டாள்' என்ற வரியைத் திரும்பச் சேர். தண்ணீரா, காற்றா, மரமா என்று அவளுக்கே தெரியாது.

பேச்சுக்கு வேறு கணக்கு. 'வலை காயப்போடப்பட்டிருக்கிறது' என்று உன் மீனவன் பேசுகிறான். எந்த ஊரில்? 'வலை காயப்போட்டிருக்கு', 'மீன் பிரிச்சாச்சு' என்றுதானே சொல்வோம். இது கொச்சையும் இல்லை. செயப்படுபொருளே செய்தது போலச் சொல்வது வழக்குதான் என்று தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னையே மெழுகிக்கொள்ளுமா என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

அப்புறம், மனு எழுதுவது பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே என்னிடம் எழுதி வாங்க வருகிறவர்கள் எடுத்தவுடனே 'எங்கள் வலை சேதப்படுத்தப்பட்டது' என்று ஆரம்பிப்பார்கள். அப்படிச் சொன்னால்தான் மனு என்று ஒரு நினைப்பு. நான் முதலில் கேட்பது, அறுந்ததா, அறுத்தார்களா? 'வலை அறுந்திருந்தது' என்றால் பாறையில் மாட்டியிருக்கலாம், காரணம் யாருமில்லை. 'அறுக்கப்பட்டிருந்தது' என்றால் ஒரு கை இருக்கிறது, யாருடையது என்று தெரியாது. 'இன்னார் அறுத்தார்' என்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், நாளைக்குக் கேட்டால் சாட்சி சொல்ல வேண்டும். பாதிப் பேர் நடுவில் உள்ளதில்தான் நிற்பார்கள். சந்தேகத்துக்கு ஒருவர் பெயரை எழுதி வழக்கில் மாட்டிக்கொள்வதைவிட அது நேர்மையானது. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பார்த்திருந்தால் மட்டும் விடமாட்டேன். தேதி, இடம், ஆள் மூன்றையும் எழுதவைப்பேன். ஏனென்றால் பதில் எப்படி வரும் என்று தெரியும்: 'தங்கள் மனு பெறப்பட்டு, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது.' பெற்றது யார், அனுப்பியது யாருக்கு? போய் நின்று கேட்க ஒரு மேசைகூட அந்த வரியில் கிடைக்காது. நாமும் ஆளில்லாமல் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

இரண்டாம் அத்தியாயத்தைச் சிவப்பு மை வைக்காமல் அனுப்பு, நான் வைத்துக்கொள்கிறேன். தடைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. விளைமீன் வந்தால் வாங்கி வைக்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சேது