கண்புரையும் திருவாதிரையும்

அன்புள்ள கதிரேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்காக நீ என்னென்ன திட்ட நினைத்திருக்கிறாயோ, அவ்வளவையும் வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள். வரதன் இந்தப் பருவத்திலும் திருவாதிரை விண்மீன் வெடிக்கப்போகிறது என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டான். வேணு அதற்கு அனுப்பிய ஒற்றை வரிப் பதிலை நீயும் பார்த்திருப்பாய். கடிதத்தில் எழுதத் தக்கதாக இல்லை.

செய்திக்கு வருகிறேன். எனக்கு இரு கண்களிலும் புரை வளர்ந்திருக்கிறது. வலக்கண்ணின் வில்லையை முதலில் எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை பொருத்தலாம், இடக்கண்ணைச் சில வாரங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவையைப் பற்றி எனக்கு அச்சம் ஏதுமில்லை, நீயும் பதற வேண்டாம். என்னை உறங்கவிடாமல் செய்வது வேறொரு கேள்வி. அதை மருத்துவரிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அறுவைக்குப் பிறகு திருவாதிரை எனக்கு எவ்வளவு மங்கித் தெரியும்?

நீ சிரிப்பது தெரிகிறது. சிரித்துவிட்டு மேலே படி. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளிக்கிறது, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. செந்நிறத் திருவாதிரையின் ஒளியை அது அதிகம் குறைப்பதில்லை. ரைஜெல், பெல்லாட்ரிக்ஸ் போன்ற நீலவெண் விண்மீன்களைத்தான் மங்கச் செய்கிறது. நாமோ ஒரு மீனின் பொலிவை அதன் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டுத்தான் குறிக்கிறோம். ஒப்பீட்டு மீன் மங்கினால், ஒப்பிடப்படும் மீன் தானாகவே பொலிவேறிவிடும். எனவே கடந்த சில ஆண்டுகளாகத் திருவாதிரை மெல்லப் பொலிவடைந்து வருவதாக என் ஏடுகள் காட்டுவதில் எவ்வளவு விண்மீனுடையது, எவ்வளவு என் வில்லையுடையது என்று எனக்கு இப்போது ஐயமாக இருக்கிறது. புதிய வில்லை வந்ததும் நீலம் பளிச்சென்று திரும்பிவிடும், என் வரைகோட்டில் ஒரே இரவில் ஒரு படி விழும். வரதன் அதைப் பார்த்தால் அன்றே உலக முடிவை அறிவித்துவிடுவான்.

மீனின் பொலிவைக் குறிக்கும் பொலிவெண்ணில் (மீன் மங்க மங்க அந்த எண் கூடும்) பத்தில் ஒரு பங்குக்கா இத்தனை புலம்பல் என்று கேட்பாய். 1856இல் போக்சன் வகுத்த அளவுகோலில் ஒரு பொலிவெண் வேறுபாடு என்பது ஒளியில் 2.512 மடங்கு, அதில் பத்திலொன்று என்றால் ஏறத்தாழ பத்து விழுக்காடு ஒளி. அதைக் கணக்கிடத்தான் இன்று கருவிகள் இருக்கின்றனவே, கிழவன் கண்ணுக்கு என்ன வேலை என்று நீ நெடுநாளாகச் சொல்லிவருகிறாய். விண்மீன்களை அளந்த உன் ‘கையா’ (Gaia) விண்கலத்தையே எடுத்துக்கொள். 2025 மார்ச்சில் அணைக்கப்படும் முன் அது திரட்டியதற்கு ஈடு கிடையாது. 2022இல் வெளிவந்த அதன் மூன்றாம் பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி மீன்கள் இருக்கின்றன. வானில் அவை பக்கவாட்டில் எவ்வளவு நகர்கின்றன, எவ்வளவு ஒளிர்கின்றன என்பதோடு, மூன்று கோடிக்கும் மேற்பட்ட மீன்களுக்கு நிறமாலைக் கோடுகளின் விலகலிலிருந்து அவை நம்மை நோக்கி வருகின்றனவா, அகல்கின்றனவா என்பதையும் அது சொல்கிறது. ஆனால் திருவாதிரையைப் பற்றி அந்தப் பட்டியலிடம் கேட்டுப்பார். வாய் திறக்காது. அதன் உணரிகளுக்கு அந்த மீனின் ஒளி மிகை. பெயரே இல்லாத கோடிக்கணக்கான மீன்களுக்குத் தொலைவு சொல்லும் விண்கலம், குழந்தைகூட விரல் நீட்டிக் காட்டும் மீனிடம் தோற்றுப்போனதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட மகிழ்ச்சிதான்.

தொலைவுக் கதை அதைவிட வேடிக்கை. ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் 1997ஆம் ஆண்டுப் பட்டியல்படி ஏறத்தாழ 430 ஒளியாண்டு. பிறகு வானொலி அலை அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது 2008இல் 640 ஆயிற்று. 2020இல் வேறொரு குழு 550க்கு அருகில் கொண்டுவந்தது. 430க்கும் 640க்கும் இடையே மீனின் உண்மை ஒளித்திறன் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். அதோடு நிறையும், எப்போது வெடிக்கும் என்ற கணக்கும் மாறும். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் மீனின் பருமன்தான். அதன் வட்டு வானில் கோண விநாடியின் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) நூறில் நான்கு பங்கு அகலம்; பூமி சூரியனைச் சுற்றுவதால் அது இடம் மாறித் தெரியும் கோணமோ, தொலைவைக் கணக்கிட உதவுவது அதுதான், கோண விநாடியின் ஆயிரத்தில் ஐந்திலிருந்து எட்டுப் பங்குதான். ஓராண்டில் வானில் அது நகரும் தொலைவே அதன் வட்டின் அகலத்தைவிடக் குறைவு. போதாததற்கு அந்த வட்டின் மேல் பெரும்பெரும் வெப்பக் குமிழிகள் எழுந்து அடங்குவதால் ஒளியின் மையமே தள்ளாடுகிறது. விளிம்பே இல்லாமல் கொதித்துக்கொண்டிருக்கும் ஒன்றின் நடுப்புள்ளியை எங்கே வைப்பது?

2019 இறுதியில் அது மங்கத் தொடங்கியபோது நீயும் நானும் எழுதிக்கொண்டதெல்லாம் நினைவிருக்கும். வழக்கமாக 0.5 பொலிவெண்ணில் நிற்பது, 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கி, மூன்றில் ஒரு பங்கு ஒளியோடு பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக நின்றது. வெறும் பொலிவை வைத்து மட்டும் அன்று எதையும் முடிவுசெய்திருக்க முடியாது. மேற்பரப்பு குளிர்ந்ததா, ஏதாவது மறைத்ததா என்பதற்கு நிறமாலைதான் விடை சொன்னது. குளிர்ந்திருந்தால் நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடு விடும் இருண்ட பட்டைகள் நன்றாக ஆழ்ந்திருக்க வேண்டும். அவை காட்டிய வெப்பநிலை ஏறத்தாழ 3600 கெல்வின், 2004இல் அளந்ததைவிட 50 கெல்வின்தான் குறைவு. அவ்வளவு மங்கலுக்கு அது போதாது. மீனே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசாகி முன்னால் நின்றிருக்கிறது என்ற கருத்து அப்படித்தான் வலுப்பெற்றது.

எனக்கு அதைவிடப் பெரிய செய்தி துணைமீன்தான். ஏறத்தாழ நானூறு நாளுக்கு ஒருமுறை மீன் விரிந்து சுருங்கும் துடிப்பைத் தவிர, ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பொலிவு ஏறியிறங்குவது நெடுங்காலமாகவே தெரியும், காரணம் மட்டும் பிடிபடவில்லை. 2024இல் ஆய்வாளர்கள் ஒரு நூற்றாண்டுக் காலப் பொலிவுக் குறிப்புகளையும், நிறமாலையிலிருந்து கணக்கிட்ட வேகங்களையும், வானில் மீன் நின்ற இடங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, மிக அருகில் ஒரு சிறு மீன் சுற்றிவர வேண்டும் என்றார்கள். 2025இல் ஹவாயிலுள்ள ஜெமினி வடக்கு தொலைநோக்கி அதைப் படத்திலேயே பிடித்துவிட்டதாக அறிவித்தது. திருவாதிரையைவிட ஆறு பொலிவெண் மங்கலாக, அதன் விரிந்த வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றிவருகிறதாம். இடம், ஒளி, நிறமாலை மூன்றில் எது விடுபட்டிருந்தாலும் அந்த வாதம் நின்றிருக்காது. அந்த ஒளிக் குறிப்புகளில் கருவியே இல்லாமல் வெறுங்கண்ணால் எழுதியவையும் எத்தனையோ. எழுதியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. தமக்குப் பிறகு யாரோ ஒருவர் தம் எண்களை நம்பிக் கணக்குப் போடுவார் என்பதற்காகவே அவர்கள் குளிரில் நின்றார்கள் என்று நினைக்கும்போது, என் ஏட்டில் விழப்போகும் படிக்கு ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். வலக்கண் ஆறிய பிறகும் இடக்கண்ணின் அறுவையை இந்தப் பருவம் முடியும்வரை தள்ளிவைக்க மருத்துவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அதுவரை ஒவ்வொரு தெளிந்த இரவிலும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் குறிப்பேன், பிறகு மாற்றிக் குறிப்பேன். பழைய வில்லைக்கும் புதிய வில்லைக்கும் உள்ள வேறுபாடு எண்ணாகவே கிடைத்துவிடும்; பழைய ஏடுகளையும் ஓரளவு திருத்தலாம். இப்படிப்பட்ட வாய்ப்பு மனிதனுக்கு ஒருமுறைதான் வரும் என்று சொன்னபோது மருத்துவர் மீண்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அந்த வாரங்களில் மீனே உண்மையில் மாறிவிட்டால், எதை எதிலிருந்து கழிப்பது? அதனால் புரையில்லாத ஒரு ஜோடிக் கண்கள் எனக்கு வேண்டும், உன்னுடையவை இன்னும் நன்றாக இருப்பதாக நீயே பெருமையடித்திருக்கிறாய். ரைஜெலைத் தொடாதே, ரோகிணியையும் புனர்பூசத்தின் போலக்ஸையும் மட்டும் வைத்து ஒப்பிடு, நிறம் நெருக்கமாக இருக்கும். மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வரும் நேரமாகப் பார். செம்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பொலிவேறித் தெரியும், ஆகவே பார்வையை மாற்றி மாற்றி ஓட்டு. முதலில் தோன்றிய எண்ணையே எழுது, என் எண்ணைக் கேட்காதே; பருவம் முடிந்த பிறகு இருவர் ஏடுகளையும் சேர்த்து வைப்போம். வரதனிடம் இதைச் சொல்லாதே.

அன்புடன்,
சுந்தரம்