லாக் 2-ஐ மறுபடி சந்தித்தேன்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் சுவர், மற்ற கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு முறை படித்தேன். வெள்ளை வெள்ளையாகவே தெரிய, இருக்கிற வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவைச் செட் செய்வதற்கு எங்கள் வகுப்பில் வொயிட் பேலன்ஸ் என்று பெயர். உன் ஒரு கண் பகல் வெளிச்சத்துக்கும் இன்னொன்று குண்டு பல்புக்கும் செட் ஆகி நிற்கிறது. அடுத்த கண்ணையும் சீக்கிரம் முடித்துவிடு.

ஐம்பத்தாறு வயதில் காலேஜா, அதிலும் கணக்கா என்று சிரித்திருக்கிறாய். சிரி. வேலை போன பிறகு நாலு மாதம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. இங்கே கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருஷ அரசுக் கல்லூரியில், சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பதினெட்டு வயதைத் தாண்டிய யாரும் போய் நிற்கலாம். மாநிலத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். நான் எடுத்திருப்பது ஏழு யூனிட்: மூன்று மீடியா புரொடக்‌ஷன், நாலு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்கிற புள்ளியியல் கணக்கு. ஆக 322 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. பணம் பெரிதில்லை, நேரம்தான் ஆளை விழுங்குகிறது. ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப்பாடமுமாக வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்பது கணக்கு. ஏழுக்கு நீயே பெருக்கிக்கொள்.

எனக்கு வேண்டியிருந்தது கேமராவும் எடிட்டிங்கும் மட்டும்தான். இரண்டு வருஷப் பட்டம் வேண்டுமென்றால் கணக்கில் ஒரு பாடமாவது தேற வேண்டும் என்று கவுன்சிலர் அம்மா சொன்னபோது, எழுந்து வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பத்தாம் வகுப்பில் உன் பேப்பரைப் பார்த்து எழுதித் தப்பித்தவன் நான் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இப்போது நடந்ததைக் கேள். ஒலிப்பதிவு வகுப்பு. மைக்கிலிருந்து வரும் குரலின் அளவை மீட்டரில் பார்க்கச் சொன்னார் வாத்தியார். சிக்னலின் வீச்சைச் சரிபாதியாகக் குறைத்தால் முள் 6 டெசிபெல் (ஒலி அளவைச் சொல்லும் அலகு) இறங்கும் என்றார். ஏன் 6 என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். அவர் போர்டில் 20 பெருக்கல் லாக் 2 (2-இன் மடக்கை) என்று எழுதினார். அவர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் என் வாய் தானாக, பூஜ்யம் புள்ளி மூன்று பூஜ்யம் ஒன்று பூஜ்யம் என்று சொல்லிவிட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. 20 பெருக்கல் 0.3010, 6.02. நாற்பது வருஷத்துக்கு முன் நீ ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டி மனப்பாடம் செய்ய வைத்த எண் அது. எதற்கென்று அன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு பெரிய பெரிய பெருக்கல்களைப் போட்டுத் தேய்த்தோமே தவிர, காது சத்தத்தைக் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் கேட்கிறது என்று யாராவது சொன்னார்களா?

இன்னொன்று, உனக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே டிவி வீடியோ வினாடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனித்தனிப் படம், என்று சொல்வார்கள், உண்மையில் 29.97. கறுப்பு வெள்ளை டிவியில் 1953-ல் கலரைச் சேர்த்தபோது, நிறத்தின் சிக்னலும் ஒலியின் சிக்னலும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேகத்தைத் துளி குறைத்தார்கள். அந்தத் துளி இன்னும் நம் தலையில். பிரேம்களுக்கு வினாடிக்கு 30 வீதம் நம்பர் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 1,08,000 வரும். நிஜத்தில் ஓடுவது 1,07,892. அதாவது 108 பிரேம் பிசகு. கடிகாரத்தோடு ஒட்டிப்போக என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் இரண்டு நம்பரைத் தாண்டிவிடு, ஆனால் பத்தில் வகுபடும் நிமிஷங்களில் தாண்டாதே. அறுபதில் ஆறு கழிந்தால் 54, இரண்டால் பெருக்கினால் 108! படம் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை, நம்பர்தான் குதிக்கிறது. நீ எனக்கு லீப் வருஷம் சொல்லிக்கொடுத்தாயே, நாலில் வகுபட்டால் உண்டு, நூறில் வகுபட்டால் இல்லை, நானூறில் வகுபட்டால் மறுபடி உண்டு என்று, அதே தந்திரம். எடிட்டிங் ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்துக்குப் போட்டிருக்கும் 1.4, 2, 2.8, 4 என்று போகிற எண்களும் ரூட் 2-ஆல் பெருக்கிக்கொண்டே போவதுதான். அதை விடு, நீயே கண்டுபிடித்திருப்பாய்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பு வேறு மாதிரி. முன்பெல்லாம் சேரும்போது ஒரு டெஸ்ட் வைப்பார்களாம். அதில் சறுக்கினால் பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகள் இரண்டு, மூன்று என்று படிக்க வேண்டும். அந்தப் படிக்கட்டிலேயே பாதிப் பேர் களைத்து நின்றுவிடுவார்களாம். 2017-ல் மாநிலம் சட்டம் போட்டு அதை மாற்றியது. இப்போது பெரும்பாலோர் நேராகக் கல்லூரிக் கணக்குக்கே வருகிறார்கள், தடுமாறுபவர்களுக்குக் கூடவே ஒரு துணை வகுப்பு. அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவதா என்று நீ குதிப்பாய். பக்கத்து சீட்டுப் பையன் பின்னக் கூட்டலில் திணறுவதைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவன் வாராவாரம் வந்து உட்காருகிறான். பழைய முறையில் என்னைப் போன்றவன் முதல் படியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

சரி, என் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே மூண்ட சண்டைக்கு வருகிறேன். மீடியா வகுப்பின் கடைசி வேலை ஐந்து நிமிஷ ஆவணப்படம். இந்தக் கல்லூரிக்கு ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்று எடுத்தேன். செவ்வாய் இரவு வகுப்பு முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று, பேசச் சம்மதித்த பதினொரு பேரைப் பிடித்தேன். பத்துப் பேர், பகலில் வேலை, இரவில் படிப்பு என்றார்கள். அருமையாக அமைந்துவிட்டது. ‘இங்கே படிப்பவர்கள் உழைத்துக் களைத்து வருபவர்கள்’ என்று தொடக்க வர்ணனை எழுதி, குரலும் பதிவு செய்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சாம்பிள் எடுப்பது பற்றிய பாடம். கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்டால் கிடைப்பது கைக்கு எட்டியவர்களின் பதில் மட்டுமே என்றார் பாடம் நடத்தும் அம்மா. எனக்குக் காது சுட்டது. இரவு நின்று கேட்டால் பகலில் வேலை பார்ப்பவன்தானே அகப்படுவான்? மதியம் படிப்பவன், வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிப்பவள், பேச மாட்டேன் என்று வேகமாகக் காரை எடுத்தவர்கள், இவர்கள் எல்லாம் எங்கே? 1901-ல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் இந்த வகைக் கல்லூரி முதலில் தொடங்கியபோது மாணவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரையும் பேட்டி எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வர்ணனையை மாற்றினேன்: ‘ஒரு செவ்வாய் இரவு, இங்கே, பேச ஒப்புக்கொண்ட பதினொரு பேர்.’ பேச மறுத்துப் போன கார்களின் பின்விளக்குகளை நாலு வினாடி சேர்த்தேன். மீடியா வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். முதல் பத்து வினாடியிலேயே பார்ப்பவனைக் கை கழுவுகிறாய், படத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. பழைய தொடக்கம் நெஞ்சில் போய் உட்கார்ந்தது, புதியது கொஞ்சம் வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அம்மாவிடம் காட்டினேன். அவர் பின்விளக்குகளை மறுபடி ஓட்டச் சொன்னார், அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு தொடக்கங்களையும் உனக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ஆபரேஷன் செய்த கண்ணால் பார், மஞ்சள் கண்ணால் பார்த்துவிட்டு என் கலர் சரியில்லை என்று சொல்லாதே. வியாழன் இரவு போன் செய்கிறேன், எடு.

அன்புடன்,
உன் பேப்பரைப் பார்த்து எழுதியவன்