பங்குப் பேச்சை வெட்டிவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை நாளொன்றின் பிற்பகலில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' என்னும் 1963ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தைப் பற்றி, தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு சினிமா பக்கத்தில் எழுதியிருந்தவர், காரணமே இல்லாமல் ஆளாளுக்கு ஓடுகிறார்கள் என்று குறைப்பட்டிருந்தார். அவர் பார்த்ததை நானும் ஹட்டனில் என் வீட்டிலிருந்து பார்த்தேன்; அவர் பார்த்த அளவுக்கு அவர் சொன்னது சரிதான். ஆனால் பிழை படத்தினுடையதல்ல. அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதைச் சொல்லும் காட்சியை ஒளிபரப்பியவர்கள் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரத்தைப் போட்டிருந்தார்கள்.

கலிபோர்னியாவின் வறண்ட மலைப்பாதையில் ஒரு கார் கட்டுமீறி ஓடிப் பள்ளத்தில் பாய்கிறது. பின்னால் வந்த நான்கு வாகனங்கள் நிற்கின்றன. ஐந்து ஆண்கள் கீழே இறங்குகிறார்கள். வாகனங்களில் வந்த மற்ற மூவரும் பெண்கள், அவர்கள் மேலேயே நிற்கிறார்கள். கினிகத்தேனை வளைவுகளிலோ இறம்பொடைப் பாதையிலோ பயணம் செய்து பழகிய நமக்கு, யார் இறங்குவார்கள், யார் ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார்கள் என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உயிர் பிரியும் தறுவாயில் காரோட்டி, மூன்றரை இலட்சம் டொலர் புதைத்து வைத்திருக்கும் பூங்காவின் பெயரைச் சொல்லி, பெரிய 'டபிள்யூ' ஒன்றின் அடியில் தேடும்படி கூறிவிட்டுக் கண்ணை மூடுகிறான். விசாரிக்க வந்த பொலிஸாரிடம், அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஐவரும் ஒரே குரலில் பொய் சொல்கிறார்கள். அதன் பிறகு வண்டிகளைக் கிளப்பி, ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டி, இது சரிவராது என்று உணர்ந்து, பாதையோரம் நிறுத்தி, பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேச உட்காருகிறார்கள். நாம் காணாத காட்சி இதுதான்.

அந்தப் பேச்சின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால்தான் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரியும். வாகனத்துக்கு ஒரு பங்கென்றால் நான்கு பங்கு. பங்கொன்றுக்கு 87,500 டொலர். பள்ளத்தில் இறங்கியவருக்கு ஒரு பங்கென்றால் ஐந்து பங்கு; தலா 70,000. ஆள் கணக்கில் பிரித்தால் எட்டுப் பேருக்கும் தலா 43,750. தனியாக வரும் தளபாட லொறிச் சாரதிக்கு வாகனக் கணக்கே இலாபம். மனைவியோடும் மாமியாரோடும் வருபவருக்கோ ஆள் கணக்கு வந்தால் 131,250 டொலர் கைக்கு வரும். ஆகவே எல்லோரும் நியாயம் பேசுகிறார்கள், எல்லோருடைய நியாயமும் அவரவர் பையை நோக்கியே போகிறது. அவர்களுள் ஒருவரான பல் வைத்தியர் எல்லா நியாயங்களையும் ஒன்றாகக் கூட்டி ஒரு கணக்கைப் போட, பேச்சு மேலும் சிக்கலாகி, கடைசியில் அவனவன் வழி அவனவனுக்கு என்று வண்டிக்குப் பாய்கிறார்கள்.

என் சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் காற்றடித்துக் கூரைகள் பறந்தபோது நிவாரணமாக அறுபது தகரம் வந்தது. காம்பராவுக்கு, அதாவது லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும், இத்தனை என்று பிரிப்பதா, இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, மறித்துத் தனியாக உலை வைக்கும் மகன் குடும்பத்தையும் சேர்த்துக் குடும்பக் கணக்கில் பிரிப்பதா, தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதா என்று கோயிலடியில் தொடங்கிய பேச்சு இருட்டும் வரை ஓயவில்லை. கடைசியில் காம்பராக் கணக்கே நின்றது. எங்கள் பக்கத்துக் காம்பராவில் தகப்பனும் மகனும் அடுத்த தீபாவளி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பல வருடங்கள் கழித்து இந்தப் படத்தை முழுமையாகப் பார்க்கக் கிடைத்தபோது, மற்றவர்கள் பெற்றோல் நிலையம் நொறுங்கும் இடத்தில் சிரித்தார்கள். நான் சிரித்தது பாதையோரத்தில்.

துரத்தல் காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் விமானம், லொறி, தீயணைப்பு ஏணி என்று எல்லாம் உண்டு, சில இடங்களில் அளவுக்கு மீறியும் உண்டு. இயக்குநர் ஸ்டான்லி கிராமர் அதற்கு முன்பு நிறவெறியையும் நீதிமன்றத்தையும் பற்றிய கனமான படங்களுக்குப் பெயர்பெற்றவர் என்பதை நினைவில் வைத்தால், இந்தப் படத்திலும் அவர் ஒரு வழக்கைத்தான் நடத்துகிறார் என்பதும், பங்குப் பேச்சே அதன் விசாரணை என்பதும் விளங்கும். நேர்மையான பொலிஸ் அதிகாரியாக வரும் ஸ்பென்சர் ட்ரேசியே இறுதியில் பணப்பெட்டியோடு ஓடும்போது நாம் திடுக்கிடுவதற்கும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். முதலில் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் ஓடிய படத்தை வெளியான சிறிது காலத்திலேயே கணிசமாகச் சுருக்கினார்கள் என்பது உண்மையே. ஆனால் அப்படிச் சுருக்கியவர்களும் இந்தக் காட்சியை விட்டுவைத்தார்கள்.

தமிழ் உபதலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாகும் காரோட்டியின் கால் பட்டு ஒரு வாளி உருண்டு போகிறது. ஆங்கிலத்தில் 'வாளியை உதைத்தான்' என்றால், நாம் 'மண்டையைப் போட்டான்' என்கிறோமே, அதே பொருள். அந்த இடத்தில் கீழே ஒரு வரிகூட இல்லாததால், என் பேரப்பிள்ளைகள் அந்த மலையடிவாரத்தில் வாளி எதற்கு என்று என்னைக் கேட்டார்கள்.

தங்கள் விமர்சகர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு இன்னொரு முறை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒளிபரப்பியவர்களும் மறுஒளிபரப்பில் பாதையோரப் பேச்சை அப்படியே காட்டட்டும். சவர்க்கார விளம்பரத்தை, வேண்டுமானால், துரத்தலுக்கு நடுவில் எங்கே போட்டாலும் நான் கடிதம் எழுத மாட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.