அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கொடுக்காதே

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே மூன்று நாளாக விடாத மழை, தெருவெல்லாம் தண்ணீர். அதெல்லாம் அப்புறம். முதலில் உன் டிஸ்க்.

"பார்ட்டிஷன் எல்லாம் போச்சு, ஃபார்மட் அடிச்சாத்தான் ஆகும்" என்று கடையில் சொன்னார்களாமே. வேண்டவே வேண்டாம். பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிதான். பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய் நீ பதிவு செய்த வில்லுப்பாட்டு அத்தனையும் அதில் இருக்கிறது. இனி அதில் ஒரு பைட்கூட யாரும் எழுதக் கூடாது.

போன தை மாதம் எனக்கு நடந்ததைக் கேள். ஒரு பென்டிரைவின் பூட் கோடை, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன நிரலை, அழிக்க லினக்ஸில் டிடி கட்டளை கொடுத்தேன். டிஸ்க்கில் நேரடியாக எழுதும் கட்டளை அது. பென்டிரைவின் பெயரான எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் கை, என் டிஸ்க்கின் பெயரான எஸ்டிஏ என்று அடித்துவிட்டது. டிஸ்க்கின் முதல் செக்டார் (512 பைட் கொண்ட ஒரு துண்டு) முழுக்கப் பூஜ்ஜியம். அதில் முதல் 446 பைட் பூட் கோடு. அது மட்டும் போயிருந்தால் கிரப் என்ற பூட் நிரலைத் திரும்பப் போட்டு எழுந்திருப்பேன். அடுத்த 64 பைட்டில்தான் எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற கணக்கு இருக்கிறது. அதுவும் போயிற்று. பதற்றத்தில் ரீபூட் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. அதுவரை பழைய கணக்கு லினக்ஸின் மையமான கெர்னலின் நினைவில் அப்படியே இருந்தது, பார்த்துக் குறித்திருக்கலாம்.

அப்பா கைப்பட எழுதிய கடிதங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். அன்று ராத்திரி கண் மூடவில்லை.

காலையில் ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கினேன். லினக்ஸ் நேரடியாக ஓடும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, பழைய டிஸ்க்கை அப்படியே பைட் மாறாமல் நகல் (இமேஜ்) எடுத்து, இமேஜில்தான் கை வைத்தேன். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டினால் தொலைந்த பார்ட்டிஷனைத் தானே தேடிக் கொடுக்கும். ஆனால் எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. முதல் பார்ட்டிஷன் இப்போதெல்லாம் வழக்கமாக 2048-ஆவது செக்டாரில் தொடங்கும். அங்கிருந்து 1024 பைட் தள்ளி, லினக்ஸ் ஃபைல்களை அடுக்கும் முறையான ஈஎக்ஸ்டி4-இன் சூப்பர்பிளாக், அதாவது அதன் விவரக் குறிப்பு. அதற்குள் 56 பைட் தள்ளினால் 53 இஎஃப் என்ற அடையாளம் இருக்க வேண்டும். 2048-ஐ 512-ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 10,49,656. பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் அந்த இடத்தைத் திறந்தேன். 53 இஎஃப்! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

மொத்தம் எத்தனை பிளாக் என்ற எண்ணும் அதே சூப்பர்பிளாக்கில் இருக்கிறது. என் பிளாக் 4096 பைட். எட்டால் பெருக்கினால் செக்டார் கணக்கில் நீளம் வந்துவிடும். தொடக்கத்தையும் நீளத்தையும், பார்ட்டிஷன் அட்டவணை எழுதும் எஸ்எஃப்டிஸ்க்கில் கொடுத்து, படிக்க மட்டும் முடிகிற மாதிரி (ரீட்-ஒன்லி) மவுண்ட் செய்து திறந்து, ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை அடித்தேன். 'அப்பா' என்ற ஃபோல்டர் வந்து நின்றது. அன்றே எஸ்எஃப்டிஸ்க் கொடுத்த பட்டியலைத் தாளில் அச்சடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

உன்னுடையது 4 டிபி. என் டிஸ்க்கில் இருந்த பழைய முறை அட்டவணை சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது என்பதால் உன்னுடையது ஜிபிடி என்ற புது முறை அட்டவணையாகத்தான் இருக்கும். ஜிபிடி என்றால் அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். தலைப்பகுதி மட்டும் கெட்டிருந்தால், ஜிபிடியைத் திருத்தும் நிரலான ஜிடிஸ்க்கின் மீட்பு மெனுவில் அந்த நகலை எடுத்து இமேஜின் முன்னால் எழுதிவிடலாம். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

டிஸ்க்கில் கடகடவென்று சத்தம் கேட்கிறதா என்று மட்டும் உடனே சொல். கேட்டால் மின்சாரமே கொடுக்காதே, அது வேறு வைத்தியம். கேட்காவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு. டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள். மழை விட்டதும் ரிச்சி தெருவுக்குப் போய் 4 டிபி காலி டிஸ்க் ஒன்று வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்